வயித்தோட்டத்திலும் கத்திரி வெயிலிலும் உடம்பின் நீரையும் உப்பையும் காப்பாற்றுவது எப்படி

வயித்தோட்டம் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் படியேறும்போதே, "சிஸ்டர், ஒரு பாட்டில் ஏத்திருதீயளா?" என்றுதான் கேட்பார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் களக்காடு, நாங்குநேரி, சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். அரை லிட்டர் நார்மல் சலைன் என்றால் தண்ணீரும் அதில் 4.5 கிராம் சமையல் உப்பும், அவ்வளவுதான். 'குளுக்கோஸ் பாட்டில்' என்று சொல்கிற ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டரில் 25 கிராம் சர்க்கரை இருக்கும், உப்பு துளிகூட இருக்காது. நினைவு தப்பியவருக்கும், நாடி விழுந்தவருக்கும், குடித்ததெல்லாம் வெளியே வருகிறவருக்கும் நரம்பு வழியாக ஏற்றுவது உயிரைக் காப்பாற்றும் வேலை. அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் வாயால் குடிக்க முடிகிற பிள்ளைக்கு அந்த வேலையை ஒரு பொட்டலம் உப்புக்கரைசல், அதாவது ஓஆர்எஸ், செய்துவிடும், பொட்டாசியமும் சேர்த்தே கொடுக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே கொடுக்கலாம்.

உள்ளே இருக்கிற கணக்கு

60 கிலோ எடையுள்ள ஆண் உடம்பில் ஏறக்குறைய 36 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. பெண்களுக்குக் கொஞ்சம் குறைவு. பிறந்த குழந்தைக்கோ எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அந்த 36 லிட்டரில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்கு உள்ளே இருக்கிறது. மீதிதான் வெளியே, அதிலும் ரத்தத்தில் ஓடுகிற நீர்ப்பகுதி 3 லிட்டர் போலத்தான் வரும். பேதியில் முதலில் அடிபடுவது இந்த வெளிப்பங்குதான். அதனால்தான் ஒரு ராத்திரிக்குள் கண் குழி விழுந்து, நாடி தளர்ந்து ஆளே மாறிப்போகிறார்.

செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். செல்லின் சுவரில் இருக்கிற ஒரு பம்பு ஓயாமல் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. 1957-ல் இதை எழுதிச் சொன்ன டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோவுக்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது. நரம்பில் செய்தி ஓடுவது, தசை சுருங்குவது, இதயம் துடிப்பது எல்லாம் இந்த உள்-வெளி வித்தியாசத்தை வைத்துத்தான். லேப் ரிப்போர்ட்டில் சோடியம் 135 முதல் 145 வரை, பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை இருந்தால் சரி. பொட்டாசியத்துக்கு எவ்வளவு சின்ன இடம் என்று பாருங்கள். அதில் இரண்டு புள்ளி ஏறினாலும் இறங்கினாலும் இதயத் துடிப்பு தடம் மாறலாம்.

தண்ணீர் எப்போதும் உப்பு அதிகம் இருக்கிற பக்கம் போகும். ரத்தத்தில் உப்பு குறைந்து தண்ணீர் கூடினால், அந்தத் தண்ணீர் செல்லுக்குள் புகுந்து செல் வீங்கும். மற்ற இடங்களில் வீங்கினால் கொஞ்சம் தாங்கும். மூளை மண்டையோட்டுக்குள் இருக்கிறது, அதற்கு வீங்க இடம் கிடையாது. வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சிறுநீரகம் ஒரு நாளில் 180 லிட்டர் போல வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் மட்டும் வெளியே விடுகிறது. நீர் குறைந்தால் மூளை தாகத்தைக் கிளப்பும், சிறுநீரைச் சுருக்கச் சொல்லும். உப்பு குறைந்தால் அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை அனுப்பி உப்பைப் பிடித்து வைக்கச் சொல்லும். சாதாரண நாட்களில் நாம் எதையும் நினைக்காமலே இது நடந்துவிடுகிறது. வாந்திபேதி வந்தால் நாம் கை கொடுக்க வேண்டும்.

உப்புக்கரைசலைக் கலக்குவது

உப்புக்கரைசலில் சர்க்கரை எதற்கு என்று நிறைய பேர் கேட்பார்கள், ருசிக்கு என்று நினைப்பார்கள். சிறுகுடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக நுழைகிற வாசல் ஒன்று இருக்கிறது. காலரா மாதிரி பேய்ப்பேதியிலும் அந்த வாசல் மூடுவதில்லை. குளுக்கோஸ் போகும்போது சோடியம் கூடவே போகும், இரண்டின் பின்னாலும் தண்ணீர் போகும். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்க எல்லையில் பன்கான் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்மில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் போல இறந்துகொண்டிருந்த முகாமில், அது நாலுக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் காலமானார், அடுத்த வருடம் பத்மவிபூஷண் விருது அறிவித்தார்கள். எத்தனை கோடிப் பிள்ளைகளின் தாய்மார் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு நிறையும்.

இப்போது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு, ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். மொத்தம் 20.5 கிராம். பொட்டலத்தின் முதுகில் இது அச்சடித்திருக்கும், வாசித்துப் பாருங்கள்.

பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னப் பொட்டலம் 200 மில்லிக்கு. எதை வாங்கினீர்கள் என்று பார்க்காமல் பிரிக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை இதற்கென்றே கழுவி வைத்துக்கொண்டால் அளவில் தடுமாற்றம் வராது. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், அதில் முழுப் பொட்டலமும். நன்றாகக் கரையும்வரை குலுக்குங்கள். "பிள்ளை இவ்வளவா குடிக்கப் போகுது" என்று ஒரு டம்ளர் தண்ணீரில் லிட்டர் பொட்டலத்தைக் கொட்டுகிற வீடுகள் உண்டு. அது மிகவும் ஆபத்து, உப்பு ஏறிப்போய் பிள்ளைக்கு வலிப்பே வரலாம். தினம் ஒரு சிட்டிகை என்று பொட்டலத்தைக் கிள்ளிப் போடுவதும் வேண்டாம், அளவு நிற்காது. கலக்கிய கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. மீந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். அதில் கூடுதலாகச் சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் சேர்க்க வேண்டாம். கரைத்த பிறகு சூடாக்கவும் வேண்டாம்.

ராத்திரி, மழை, மெடிக்கல் கடை பூட்டியிருக்கிறது என்றால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு டீஸ்பூனில் தலை தட்டி ஆறு ஸ்பூன் சர்க்கரை, தலை தட்டி அரை ஸ்பூன் உப்பு. தூள் உப்பு போடுங்கள், கல்லுப்பு என்றால் பொடித்து அளக்க வேண்டும். வாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் கண்ணீரைவிடக் கரிப்பாக இருக்கக் கூடாது. இதில் பொட்டாசியம் இல்லை, அதனால் பொட்டலம் கிடைக்கிற வரைக்கும்தான் இது. அரிசிக் கஞ்சியைத் தண்ணீராக வடித்து உப்புப் போட்டுக் கொடுப்பதும் நல்ல வழி, அரிசி மாவு குடலில் குளுக்கோஸாக உடையும்.

ஸ்பூன் ஸ்பூனாக

பிள்ளைக்கு இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை பேதி போனதும் 50 முதல் 100 மில்லி. இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி. அதற்கு மேலே கேட்கிற அளவு. ஏற்கெனவே கண் குழி விழுந்து, நா வறண்டு, டம்ளரைக் கண்டால் பாய்ந்து குடிக்கிற பிள்ளை என்றால் கணக்கு வேறு. எடையில் கிலோவுக்கு 75 மில்லி, நாலு மணி நேரத்துக்குள். அதைச் சுகாதார நிலையத்தில் கண் முன்னே வைத்துக் கொடுப்பது நல்லது. பத்துக் கிலோ பிள்ளைக்கு 750 மில்லி வரும். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஒரு டீஸ்பூன் 5 மில்லி. ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் என்று விடாமல் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் 200 மில்லி, நாலு மணி நேரத்தில் 800 மில்லி உள்ளே போய்விடும்.

திருக்குறுங்குடி பக்கம் ஒரு வீடு. ஒன்றரை வயசுப் பையன், காலையிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறான். அம்மா டம்ளரோடு கொடுக்க, அவன் மடமடவென்று குடித்து அப்படியே வாந்தி எடுத்தான். "பாத்தீயளா சிஸ்டர், தண்ணி நிக்கவே மாட்டேங்கு. ஹைகிரவுண்டுக்குக் கொண்டு போயிருதோம்," என்று திருநெல்வேலி அரசு பெரிய ஆஸ்பத்திரியைச் சொன்னார் ஆச்சி. பையன் முழித்துக்கொண்டிருந்தான், அழுதான், அழுகையில் கண்ணீரும் இருந்தது. "பத்து நிமிஷம் சும்மா இருங்க ஆச்சி, அப்புறம் பாப்போம்," என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் கழித்து ஒரு ஸ்பூன். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. ஆச்சியே ஸ்பூனை வாங்கிக்கொண்டார். முகம் திருப்பும்போது கன்னத்தைத் தடவி, "ஏல, இங்க பாருல, காக்கா குடிக்கப் போகுது," என்று ஒவ்வொன்றாக இறக்கினார். வாந்தி இரண்டாவது தரம் வந்தது, மறுபடி பத்து நிமிஷம் நிறுத்தி மறுபடி தொடங்கினோம். சாயங்காலம் அவன் ஆச்சியின் மடியை நனைத்தான். சிறுநீர் வந்துவிட்டது என்பதில் அந்த வீட்டுக்கு வந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

வாந்தி வந்தால் கரைசலை நிறுத்திவிடுவதுதான் பலர் செய்வது. அப்படிச் செய்ய வேண்டாம். பத்து நிமிஷம் இடைவெளி, அப்புறம் இன்னும் மெதுவாக. குடித்ததில் பாதி வெளியே வந்தாலும் பாதி உள்ளே நின்றிருக்கும்.

பால் குடிக்கிற பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, வழக்கத்தைவிட அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வெறும் தண்ணீர், சீனித் தண்ணீர் எதுவும் வேண்டாம், கத்திரி வெயிலாக இருந்தாலும் சரி. தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான். பேதி வந்தால் மட்டும் தாய்ப்பாலோடு உப்புக்கரைசலும் கொடுக்கலாம். பெரிய பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள். குழைந்த சோறும் தயிரும், இட்லி, மசித்த வாழைப்பழம் போதும். களக்காட்டுப் பக்கம் வாழைக்குக் குறைவே இல்லை, நடுத்தரப் பழம் ஒன்றில் 400 மில்லிகிராம் போலப் பொட்டாசியம் இருக்கும். கூடவே துத்தநாக மாத்திரை. ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம். பேதி நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். பேதியை நிறுத்துகிற மாத்திரையை மட்டும் கடையில் கேட்டு வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பேதி நேரத்தில் எது வேண்டாம்

பெட்டிக்கடை ஜூஸ், கலர், பன்னீர் சோடா, பதநீர், கெட்டியான குளுக்கோஸ் தண்ணீர். இவற்றில் சர்க்கரை அதிகம். குடலுக்குள் சர்க்கரை கூடினால் அது உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், பேதி கூடும். பதநீர் அருமையான பானம், ராதாபுரம் திசையன்விளைப் பக்கம் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பதைச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். உடம்பு சுகமாக இருக்கும்போது குடியுங்கள்.

இளநீரைப் பற்றி நிறைய பேர் என்னோடு வாதாடியிருக்கிறார்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம். பேதியில் நாம் நிறைய இழப்பது சோடியம். அதனால் இளநீர் குடிக்கலாம், ஆனால் உப்புக்கரைசலுக்குப் பதிலாக அல்ல.

கடையில் அட்டைப்பெட்டியில் பழ ருசியோடு வந்த சில பானங்களின் பெயரிலேயே ஓஆர்எஸ் என்று இருந்தது. சர்க்கரையோ பல மடங்கு. ஹைதராபாதில் ஒரு குழந்தை மருத்துவர் வருடக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், சரியான அளவில்லாத பானங்களின் பெயரில் அந்த மூன்று எழுத்து இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. நீங்கள் பெயரைப் பார்க்காமல் முதுகில் இருக்கிற அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 20.5 கிராம் என்ற கணக்கு இருந்தால் வாங்குங்கள்.

சர்க்கரை நோய்க்காரர்கள் கரைசலுக்குப் பயப்படுவார்கள். 200 மில்லி டம்ளரில் 2.7 கிராம் குளுக்கோஸ், ஒரு டீஸ்பூன் சர்க்கரைகூட நிறைவாக வராது. பேதி வந்தால் தாராளமாகக் குடிக்கலாம்.

வயக்காட்டிலும் சூளையிலும்

மே மாதக் கத்திரியில் வேலை செய்கிறவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை போவது சாதாரணம். ஒரு லிட்டர் வியர்வையில் ஆளைப் பொறுத்து ஒரு கிராம் முதல் நாலு கிராம் வரை உப்பு போகிறது. சட்டை காய்ந்ததும் முதுகில் வெள்ளைவெள்ளையாய்ப் படம் போட்டிருந்தால் உங்களுக்கு உப்பு அதிகம் போகிறது என்று அர்த்தம்.

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் கால் மணியிலிருந்து இருபது நிமிஷத்துக்குள் ஒரு டம்ளர் குடியுங்கள். ஒரே மூச்சில் ஒரு குடத்தைக் கவிழ்க்க வேண்டாம், மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் வேண்டாம். சிறுநீரகம் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் போலத்தான் வெளியேற்றும். காவலர் தேர்வுக்காகக் காலையில் ரோட்டில் ஓடுகிற பையன்களுக்கும் இதைச் சொல்கிறேன். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வியர்த்தால் உப்பும் சேர வேண்டும். அதற்கு விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு டம்ளர் தயிரை நாலு டம்ளர் தண்ணீர் விட்டுக் கடைந்து, தலை தட்டி அரை டீஸ்பூன் உப்பு, தட்டிய இஞ்சி, கருவேப்பிலை போட்டால் வயலுக்கு ஒரு லிட்டர் மோர் தயார். பழைய சோற்று நீராகாரத்தில் உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிப்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது. நம் பாட்டன்மார் நடவுக்குப் போகும்போது தூக்குச்சட்டியில் கொண்டுபோனது அதைத்தான். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டால் நிழலில் உட்கார்ந்து காலை நீட்டி நீவிவிட்டு, உப்புப் போட்ட மோரோ கரைசலோ குடியுங்கள். உப்பை மட்டும் அள்ளி வாயில் போடுவதும் உப்பு மாத்திரை விழுங்குவதும் வேண்டாம், குமட்டும்.

வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். பழகிய பிறகு வியர்வையிலேயே உப்பு குறைந்து வரும், ஆல்டோஸ்டிரோன் அந்த வேலையைச் செய்யும். வெளியூரிலிருந்து வந்து முதல் நாளே சூளையில் முழுநாள் நிற்கிறவர்தான் விழுவார். முதல் வாரம் அவருக்கு வேலையைக் குறைத்துக் கொடுங்கள்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன். ஒதுங்க இடமில்லை என்பதற்காகக் காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் களை எடுக்கிற பெண்கள் எத்தனை பேர்! முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள், எழுந்தால் எண்ணிக்கை குறையும் என்று குடிக்காமலே உட்கார்ந்திருப்பார்கள். நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல் எல்லாம் இதில்தான் தொடங்குகின்றன. வேலை கொடுக்கிறவர்கள் குடிதண்ணீர், நிழல், கழிப்பிடம் மூன்றையும் ஏற்பாடு செய்ய வேண்டும், கூட்டாகக் கேளுங்கள். அதுவரை, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு டம்ளர், இடையில் ஆள் சேர்ந்து ஒதுங்கப் போய்வந்து இரண்டு டம்ளர், வீட்டுக்கு வந்ததும் இரண்டு டம்ளர் என்றாவது பழகுங்கள். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதும். கருமஞ்சளாக, கொஞ்சமாக, கடுத்துக்கொண்டு வந்தால் குடித்தது போதவில்லை. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நிறம் ஏமாற்றும், அவர்கள் அளவை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வயசானவர்களுக்கு

இங்கேதான் நிதானமாக வாசிக்கச் சொல்வேன். வயசு ஏற ஏறத் தாகம் மங்கும், சிறுநீரகத்தின் பிடியும் தளரும். பிரஷருக்கு நீர் பிரிக்கிற மாத்திரை, ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் மாதிரி, சாப்பிடுகிறவர்களுக்குச் சோடியமும் பொட்டாசியமும் மெல்ல இறங்கலாம்.

வள்ளியூர் பக்கம் ஓர் ஆச்சி. பிரஷருக்கு உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று உப்பை அடியோடு நிறுத்திவிட்டார். மகன் வெளிநாட்டிலிருந்து போன் போடும்போதெல்லாம் "நல்லா தண்ணி குடிம்மா" என்பான், குடிப்பார். சாப்பாடோ இரண்டு வாய் கஞ்சி. கொஞ்ச நாளில் தள்ளாட்டம், குமட்டல், ஆள் அடையாளம் மறந்த பேச்சு. "ஆச்சிக்கு வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்," என்றார்கள் வீட்டில். ஒரு வாரத்துக்குள் திடீரென்று வந்த குழப்பத்துக்கு வயசைக் காரணம் சொல்லக் கூடாது. ரத்தம் எடுத்துப் பார்த்தபோது சோடியம் 118. ஆஸ்பத்திரியில் மெல்ல மெல்லத்தான் ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மூளை நரம்பின் உறை கெட்டுப்போகும், ஒரு நாளில் எட்டு, பத்துப் புள்ளிக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். "ஏன் இவ்வளவு தாமதம்" என்று உறவுக்காரர்கள் வார்டில் சண்டை போடுவது இதனால்தான் தவறு. ஆச்சி எழுந்து உட்கார்ந்து, முதல் வேலையாக மருமகளிடம் கோழி அடைத்தாச்சா என்று கேட்டார்.

பிரஷர்காரர்களுக்கு நான் சொல்வது, நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வத்தல் எல்லாம் அந்தக் கணக்குக்குள் வர வேண்டும். அடியோடு நிறுத்தச் சொல்லி யாரும் சொல்வதில்லை. இந்துப்பு வாங்கினாலும் அதுவும் சோடியம் குளோரைடுதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம். டயாலிசிஸ் செய்கிறவர்கள் இளநீரும் வேண்டாம். வெயிலாக இருக்கிறதே என்று ஒரே நாளில் இரண்டு மூன்று இளநீர் வெட்டிக் குடிப்பது இதயத்தையே நிறுத்தக்கூடிய காரியம்.

இதய பலவீனம், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு டாக்டர் ஓர் அளவு எழுதியிருப்பார். வாட்ஸ்அப்பில் வருகிற "தினம் மூன்று லிட்டர்" அவர்களுக்கு இல்லை. அதே மாதிரி பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு வாந்திபேதி கடுமையாக வந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போன் போட்டு எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது என்று கேளுங்கள். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். உப்புக்கரைசலும் பேதி நிற்கும்வரைதான், தினசரிப் பானமாக வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு லிட்டர் கரைசலில் இருக்கிற சோடியம் நாலு கிராம் உப்புக்கும் மேல் வரும்.

எப்போது கிளம்ப வேண்டும்

வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. மெதுவாகப் படிந்தால் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பு நின்றால், பிள்ளை துவண்டு கிடந்தால், குடிக்கக்கூட முடியாவிட்டால், கைக்குழந்தைக்கு உச்சிக்குழி அமுங்கியிருந்தால், 108-ஐக் கூப்பிட்டு உடனே கிளம்புங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, மலத்தில் ரத்தம், வலிப்பு, குடித்ததெல்லாம் வாந்தி என்றாலும் அப்படித்தான். வெயிலில் விழுந்தவர் உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் நிழலுக்குத் தூக்கி, துணியைத் தளர்த்தி, தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். போவதா வேண்டாமா என்று சந்தேகமாக இருந்தால் 104-ல் கேட்கலாம்.

ஐப்பசி அடைமழைக்கு முன்னால் வீட்டில் நாலு பொட்டலம் வாங்கி வையுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரை புரண்டபோது பல கிராமங்களில் ரோடும் இல்லை, கரண்டும் இல்லை, கிணறெல்லாம் வெள்ளத்தண்ணீர். அப்படிப்பட்ட நேரத்தில் கடையைத் தேடிப் போக முடியாது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை தரம் போனது, எத்தனை தரம் வாந்தி, கடைசியாகச் சிறுநீர் எப்போது, என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும். பிள்ளை விழித்திருந்து விழுங்குகிறது என்றால் ஆட்டோவில் போகும்போதும் பாட்டிலையும் ஸ்பூனையும் கையில் வைத்துக்கொண்டு, வழி முழுக்கக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போங்கள்.